வானொலியின் குடுமி யார் கையில்?

1942 ஆகஸ்ட் 8ஆம் தேதி இரவு பம்பாயில் ‘வெள்ளையனே வெளியேறு’ தீர்மானம் நிறைவேறியது. மறுநாள் விடிவதற்குள் காந்தி, நேரு, படேல் என்று முன்னணித் தலைவர்களைப் பிடித்துச் சிறையில் வைத்துவிட்டார்கள். பத்திரிகைகளுக்குத் தணிக்கை. அகில இந்திய வானொலியோ ஆங்கிலேய அரசின் கையில். பக்கத்து மாகாணத்தில் துப்பாக்கிச் சூடு நடந்தால்கூட அது வதந்தியாகத்தான் வந்து சேரும்.

படிப்பை விட்டுவிட்டுப் போராட்டத்துக்கு வந்த உஷா மேத்தா என்ற 22 வயதுப் பெண்ணும் அவருடைய கூட்டாளிகள் சிலரும் இதற்கு ஒரு வழி கண்டார்கள். ஒரு ட்ரான்ஸ்மிட்டரைத் தேற்றி, ஆகஸ்ட் 27 முதல் 42.34 மீட்டரில் ‘காங்கிரஸ் ரேடியோ’வை ஒலிபரப்பத் தொடங்கினார்கள். அறிவிப்பில் அவர்கள் கொடுத்த முகவரி, ‘இந்தியாவில் எங்கிருந்தோ’. போலீஸ் மோப்பம் பிடிக்காமல் இருக்க இடம் மாற்றி இடம் மாற்றிக் கருவியைத் தூக்கிக்கொண்டு அலைந்தார்கள். சிட்டகாங்கில் குண்டு விழுந்தது, ஜாம்ஷெட்பூர் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தது, மத்திய மாகாணத்தின் சிமூர், அஷ்டி ஊர்களில் அடக்குமுறை என்ற பெயரில் நடந்த கொடுமைகள் எல்லாம் அதில் வந்தன. பத்திரிகைகள் தொடப் பயந்த செய்திகள் இவை. நவம்பர் 12ஆம் தேதி போலீஸ் உள்ளே புகுந்தது. மூன்று மாதம்கூட முழுதாக ஆகவில்லை. உஷா மேத்தாவுக்கு நான்கு ஆண்டு சிறை.

சரி, இது சுயாதீன வானொலி இதழியலா? அடக்குமுறையை மீறிச் செய்தி சொன்னது என்ற வகையில் ஆமாம். ஆனால் அது ஒரு இயக்கத்தின் குரல். காங்கிரசுக்குச் சங்கடமான செய்தி ஒன்று கிடைத்திருந்தால் அதை ஒலிபரப்பியிருப்பார்களா என்ற கேள்விக்கு விடை சொல்வது கடினம். இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டால் போதும், இந்தத் துறையில் பாதி விஷயம் புரிந்துவிடும். ஒரு வானொலி நிலையத்தைப் பார்த்து நாம் கேட்க வேண்டியது: இதை ‘நிறுத்து’ என்று சொல்ல யாரால் முடியும்? அதாவது, குடுமி யார் கையில்?

அரசு வானொலியின் குடுமி அமைச்சகத்தின் கையில். வணிக வானொலியுடையது விளம்பரம் கொடுப்பவர் கையில். போராளி இயக்கத்தின் வானொலியுடையது தளபதியின் கையில். எல் சால்வடோர் உள்நாட்டுப் போரில் 1981 ஜனவரியில் கிளர்ச்சியாளர்கள் தொடங்கிய ‘ரேடியோ வென்செரேமோஸ்’ மொராசான் மலைகளிலிருந்து ஒலித்தது. அந்த ஆண்டு டிசம்பரில் எல் மொசோத்தே கிராமத்தில் ராணுவம் நடத்திய படுகொலையை முதலில் வெளியே சொன்னதும் அதுதான். ஆனால் ‘கிளர்ச்சிக்காரர்களின் வானொலிதானே’ என்று பலர் நம்பவில்லை. இரண்டு அமெரிக்க நாளிதழ்களின் செய்தியாளர்கள் நேரில் போய் எழுதிய பிறகும் அமெரிக்க அரசு மறுத்துக்கொண்டே இருந்தது. 1992இல் எலும்புகளைத் தோண்டி எடுத்தபோது வானொலி சொன்னது உண்மை என்று ஆனது. பக்கச் சார்புள்ள வானொலி பொய்தான் சொல்லும் என்று இல்லை. சொல்லும் உண்மைக்கும் அதன் சார்பு தடையாக நின்றுவிடுகிறது, அவ்வளவுதான்.

இங்கே இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிட வேண்டும். ‘அரசுடையது அல்ல, தனியார் நிலையம்’ என்றாலே சுயாதீனம் என்று நினைத்துவிடக் கூடாது. ருவாண்டாவில் 1993 ஜூலையில் தொடங்கிய ஆர்.டி.எல்.எம். பெயரளவில் தனியார் வானொலி. அரசு வானொலியின் விறைப்பு இல்லாமல், நல்ல பாட்டும் கேலியும் கிண்டலுமாக இளைஞர்களை இழுத்தது. அதன் பின்னால் இருந்தவர்களோ ஆட்சியின் உள்வட்டத்து ஆட்கள். 1994 ஏப்ரலில் இனப்படுகொலை தொடங்கியபோது, யாரைத் தேட வேண்டும், எங்கே ஒளிந்திருக்கிறார்கள் என்று பெயர் சொல்லி அறிவித்தது அந்த நிலையம்தான். அதை நடத்திய ஃபெர்டினாண்ட் நஹிமானா, ழான் போஸ்கோ பராயாக்விசா இருவரையும் பன்னாட்டு நீதிமன்றம் 2003இல் தண்டித்தது. வானொலியைப் பற்றிப் பேசும்போது நம்மில் பலருக்கு ஒரு கனிவு வந்துவிடும், எனக்கும்தான். அந்தக் கனிவைக் கொஞ்சம் கட்டுக்குள் வைக்க ருவாண்டாவை நினைத்துக்கொள்வது நல்லது.

நேயர் கொடுக்கும் பத்து டாலர்

அப்படியானால் யார் கையிலும் சிக்காத குடுமி உண்டா? அதற்காக வகுத்துப் பார்த்த திட்டங்களில் நீண்ட நாள் தாக்குப்பிடித்தது அமெரிக்காவின் பசிஃபிகா.

லூயிஸ் ஹில் என்பவர் இரண்டாம் உலகப் போரில் மனசாட்சியின் பேரில் ஆயுதம் எடுக்க மறுத்தவர். 1946இல் அவர் பசிஃபிகா அறக்கட்டளையைத் தொடங்கினார். 1949 ஏப்ரல் 15இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் கே.பி.எஃப்.ஏ. நிலையம் ஒலிக்க ஆரம்பித்தது. விளம்பரம் கிடையாது. அரசிடமும் கை நீட்டவில்லை. ஹில்லின் கணக்கு எளிமையானது: கேட்கக்கூடிய நூறு பேரில் இரண்டு பேர் ஆண்டுக்குப் பத்து டாலர் சந்தா கட்டினால் நிலையம் ஓடும். மீதி 98 பேர் இலவசமாகக் கேட்கட்டும். தமிழில் வானொலி கேட்பவரை ‘நேயர்’ என்கிறோம், நேயம் கொண்டவர் என்று பொருள். ஹில் தன் வரவு செலவுக் கணக்கையே அந்த நேயத்தின் மேல்தான் எழுதினார் என்று சொல்லலாம்.

கணக்கு காகிதத்தில் அழகாக இருந்தது. ஆனால் பண்பலை அப்போது புதுசு, அதைப் பிடிக்கும் பெட்டியே பலரிடம் இல்லை. 1950 ஆகஸ்டில் பணம் தீர்ந்து நிலையம் மூடப்பட்டது. கேட்டுப் பழகிய சிலர் கூடி, ஓடி ஆடிப் பணம் திரட்டினார்கள். 1951 மே மாதம் நிலையம் திரும்ப வந்தது. பிறகு லாஸ் ஏஞ்சலஸ், நியூயார்க், ஹூஸ்டன், வாஷிங்டன் என்று மொத்தம் ஐந்து நிலையங்கள் ஆயின.

பணத்தின் பிடியிலிருந்து தப்பினாலும் மற்ற கைகள் நீளாமல் இல்லை. 1962இல் அமெரிக்க மத்தியப் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ. அமைப்பின் முன்னாள் அதிகாரி ஒருவர் அதன் தலைவர் எட்கர் ஹூவரைக் கடுமையாக விமர்சித்த பேட்டியைப் பசிஃபிகா ஒலிபரப்பியது. செனட் குழு விசாரணைக்கு அழைத்தது. உரிமத்தைப் புதுப்பிக்காமல் 1964 வரை இழுத்தடித்தார்கள். 1970 மார்ச்சில் ஹூஸ்டன் நிலையம் தொடங்கியது. மே மாதமே அதன் ட்ரான்ஸ்மிட்டருக்குக் குண்டு வைத்துத் தகர்த்தார்கள். சரிசெய்து திரும்ப ஒலித்ததும் அக்டோபரில் இரண்டாவது குண்டு. வெள்ளை இனவெறி அமைப்பான கு க்ளக்ஸ் க்ளானின் ஆள் ஒருவர் இதற்காகத் தண்டனை பெற்றார்.

எனக்கு இவற்றைவிடப் பெரிய பாடமாகத் தோன்றுவது 1999இல் நடந்தது. அந்த ஆண்டு ஜூலை மாதம் பசிஃபிகாவின் சொந்த நிர்வாகமே கே.பி.எஃப்.ஏ. ஊழியர்களை வெளியே தள்ளிக் கதவைப் பூட்டியது. நிர்வாகச் சண்டையைப் பற்றி ஒலிபரப்பில் பேசக் கூடாது என்ற தடையை மீறிய தயாரிப்பாளர் ஒருவரைக் காவலர்கள் கட்டடத்துக்குள் மடக்கிய கூச்சல் செய்தி நேரத்திலேயே நேயர்களுக்குக் கேட்டது. பெர்க்லி தெருக்களில் சுமார் 10,000 பேர் திரண்டார்கள். சில வாரங்களில் கதவு திறந்தது. குடுமி நேயர் கையில் என்று சொன்னால் மட்டும் போதாது, நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் நேயருக்கு வேண்டும் என்று அதன் பிறகுதான் விதிகளை மாற்றினார்கள். அந்த மாற்றமும் ஓயாத உட்சண்டையைக் கொண்டுவந்தது என்பது வேறு கதை.

போர்க்காலத்தில் ஏன் வானொலி?

கைபேசியில் நேரலை பார்க்கும் காலத்தில் வானொலி எதற்கு என்று தோன்றலாம். போர் நடக்கும் இடத்தில் முதலில் போவது மின்சாரம், அப்புறம் இணையம். இரண்டு பேட்டரியில் வாரக்கணக்கில் ஓடும் டிரான்சிஸ்டருக்கு இவை எதுவும் வேண்டாம். எழுதப் படிக்கத் தெரியாதவரும் கேட்கலாம். தண்ணீருக்கு வரிசையில் நின்றபடி, இருட்டில் பதுங்கியபடி கேட்கலாம். முக்கியமாக, யார் கேட்கிறார் என்பது யாருக்கும் தெரியாது. இணையத்தில் ஒரு பக்கத்தைத் திறந்தால் எங்கோ ஒரு பதிவு விழுகிறது. வானொலிப் பெட்டி காற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறதே தவிர, யாருக்கும் எதையும் திருப்பிச் சொல்வதில்லை.

அதனால்தான் ஆக்கிரமிப்பாளர்கள் பெட்டியையே குறிவைத்தார்கள். 1939 செப்டம்பர் 1ஆம் தேதி, போலந்துக்குள் படை நுழைந்த அதே நாளில், வெளிநாட்டு வானொலி கேட்பதைக் குற்றமாக்கியது நாஜி அரசு. கேட்டால் என்ன ஆகும் என்ற எச்சரிக்கை அட்டையைப் பெட்டியின் திருகிலேயே மாட்டிவைத்தார்கள். 1943 மே மாதம் நெதர்லாந்தில் எல்லோரும் தங்கள் பெட்டிகளைக் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். பழுதான பழைய பெட்டியைக் கொடுத்துவிட்டு நல்லதைத் தரைப்பலகைக்கு அடியில் ஒளித்துவைத்தவர்கள் நிறைய.

அலைகளைப் பற்றி ஒரு சிறு பாடம். பண்பலை தெளிவாக ஒலிக்கும், ஆனால் கிட்டத்தட்ட கோபுரத்தின் கண்ணுக்கு எட்டும் தூரம்தான் போகும். நிலையம் போர்முனைக்கு அருகிலேயே இருந்தாக வேண்டும், அதாவது எதிரியின் கைக்கெட்டும் தூரத்தில். மத்திய அலை இரவில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போகும். சிற்றலை வானத்தின் அயனி மண்டலத்தில் பட்டுத் தெறித்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி இறங்கும். கரகரக்கும், மங்கும், திரும்ப வரும். ஆனால் ட்ரான்ஸ்மிட்டர் வேறு கண்டத்தில் பத்திரமாக இருக்கலாம். பர்மாவின் ராணுவ ஆட்சிக்கு எதிரான ‘பர்மாவின் ஜனநாயகக் குரல்’ 1992இல் ஒலிக்கத் தொடங்கியது நார்வேயின் ஆஸ்லோவிலிருந்து. சூடானின் தார்ஃபூர் மக்களுக்கான ‘ரேடியோ தபங்கா’ 2008இல் சூடானியச் செய்தியாளர்களால் நெதர்லாந்திலிருந்து தொடங்கப்பட்டது. இதைத் தடுக்க அரசுகள் செய்வது, அதே அலைவரிசையில் இரைச்சலை ஏற்றி அமுக்குவது. நிலையம் அலைவரிசையை மாற்றும், இரைச்சல் துரத்தும்.

சிற்றலை செத்துவிட்டது என்று எத்தனையோ முறை இரங்கல் வாசித்தாகிவிட்டது. 2022 மார்ச்சில் கீவ் நகரின் தொலைக்காட்சிக் கோபுரம் தாக்கப்பட்டதும் பிபிசி உக்ரைனுக்காகச் சிற்றலையைத் திரும்ப எடுத்தது. 2023 நவம்பரில் காசாவுக்காக மத்திய அலையில் அரபு மொழி அவசரச் சேவை தொடங்கியது.

பிபிசி என்றதும், அதுவும் ஒரு நாட்டின் பணத்தில் நடப்பதுதானே என்று கேட்பீர்கள். ஆமாம். ஆசிரியர் குழுவின் முடிவில் அரசு தலையிடாது என்பது அதன் ஏற்பாடு. அது எந்த அளவுக்கு உண்மை என்பது தீராத வாக்குவாதம். ஆனால் இலங்கைப் போரின்போது பிபிசியின் தமிழ்ச் சேவையான தமிழோசையைக் காதோடு வைத்துக் கேட்டவர்களிடம் கேட்டால், அந்த வாக்குவாதத்தைவிட, இரு தரப்பும் சொல்லாததை யார் சொன்னார்கள் என்பதுதான் நினைவில் இருக்கும். யாழ்ப்பாணத்திலிருந்து அதற்குச் செய்தி அனுப்பிய மயில்வாகனம் நிமலராஜன் 2000 அக்டோபர் 19 இரவு, ஊரடங்கு நேரத்தில், தன் வீட்டிலேயே கொல்லப்பட்டார். 2009 பிப்ரவரியில், இலங்கை அரசு ஒலிபரப்பு நிறுவனத்தின் பண்பலை வழியாகத் தான் கொடுத்துவந்த நிகழ்ச்சிகள் வெட்டப்படுவதாகக் கூறி பிபிசி அந்த ஏற்பாட்டையே நிறுத்தியது. நிகழ்ச்சி யாருடையதாக இருந்தாலும், கோபுரம் யாருடையது என்பதும் குடுமிதான்.

ஒரு செய்தி எப்படி உருவாகிறது?

எல்லை தாண்டி இருக்கும் நிலையத்துக்குப் போர்ப் பகுதியிலிருந்து ஓர் அழைப்பு வருகிறது. ஊருக்குள் ராணுவம் புகுந்தது என்கிறார் அழைத்தவர். அங்கே போய்ப் பார்க்க வழியில்லை. முதல் கேள்வி, ‘நீங்கள் பார்த்தீர்களா, கேள்விப்பட்டீர்களா?’ என்பதாக இருக்க வேண்டும். எத்தனை மணிக்கு, எந்தப் பக்கத்திலிருந்து, வந்தவர்கள் என்ன உடை, என்ன வாகனம்? பிறகு, முதல் ஆளுக்குத் தொடர்பில்லாத இரண்டாவது ஆளைத் தேடிப் பிடிக்க வேண்டும். இருவரும் வார்த்தைக்கு வார்த்தை ஒரே மாதிரி சொன்னால் அது நல்ல அறிகுறி அல்ல, யாரோ சொல்லிக்கொடுத்ததாக இருக்கலாம். உண்மையான சாட்சிகள் சின்ன விஷயங்களில் முரண்படுவார்கள்.

தார்ஃபூரின் தாபித் கிராமம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2014 அக்டோபர் இறுதியில் அங்கே படையினர் பெண்களைக் கூட்டாகப் பாலியல் வன்முறைக்கு ஆளாக்கினார்கள் என்று முதலில் சொன்னது ரேடியோ தபங்கா. சூடான் அரசு மறுத்தது. ஐ.நா. அமைதிப் படையினர் போய் விசாரித்தபோது சுற்றிலும் ராணுவத்தினர் நின்றார்கள். அந்தச் சூழலில் யார் வாய் திறப்பார்கள்? ‘ஆதாரம் இல்லை’ என்று திரும்பினார்கள். ஹ்யூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு ஊருக்குள் போகாமலே, தொலைபேசி வழியாக நூற்றுக்கும் மேற்பட்டோரிடம் பேசி 2015 பிப்ரவரியில் அறிக்கை வெளியிட்டது: பாதிக்கப்பட்டவர்கள் குறைந்தது 221 பேர். நேரில் போனவர்களுக்குக் கிடைக்காத உண்மை தொலைவிலிருந்து கேட்டவர்களுக்குக் கிடைத்தது. முகம் காட்ட வேண்டாம், பெயர் சொல்ல வேண்டாம், குரல் மட்டும் போதும் என்பதுதான் அதற்கு வழி திறந்தது.

ஆனால் குரலும் ஒரு கைரேகைதான். சின்ன ஊரில் ஒருவரின் பேச்சைக் கேட்டே ஆளைச் சொல்லிவிடுவார்கள். அதனால் குரலை மாற்றுவது, வேறொருவரை வைத்து வாசிக்க வைப்பது, பின்னணியில் ஒலிக்கும் கோயில் மணியையோ தொழுகை அழைப்பையோ வெட்டுவது, சாட்சி வேறிடம் போய்ச் சேரும்வரை ஒலிபரப்பைத் தள்ளிப்போடுவது எல்லாம் வேலையின் பகுதி. பரபரப்புச் செய்தியை இரண்டு நாள் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருப்பது எந்தச் செய்தியாளருக்கும் சுலபம் இல்லை.

நேரில் இருக்கும்போது வரும் சிக்கல் வேறு. இந்தோனேசியா 1975 டிசம்பரில் கிழக்குத் திமோர் மீது படையெடுத்து அதைப் பிடித்துவைத்திருந்தது. 1991 நவம்பர் 12 அன்று தலைநகர் திலியில், கொல்லப்பட்ட இளைஞர் ஒருவரின் நினைவு ஊர்வலம் சாந்தா க்ரூஸ் கல்லறைக்குப் போனது. பசிஃபிகாவின் ஏமி குட்மன் ஒலிப்பதிவுக் கருவியோடும், பத்திரிகையாளர் ஆலன் நேர்ன் அவரோடும் அங்கே இருந்தார்கள். துப்பாக்கிகளோடு படையினர் வந்தபோது, வெளிநாட்டுச் செய்தியாளர்களைப் பார்த்தால் சுடமாட்டார்கள் என்று நம்பி இருவரும் முன்னால் போய் நின்றார்கள். படையினர் அவர்களைத் தாண்டி வந்து சுட்டார்கள். இவர்களையும் அடித்து உதைத்தார்கள், நேர்னின் மண்டையோடு உடைந்தது. இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்த அந்தப் படுகொலையின் செய்தி இவர்கள் வழியாக வானொலியில் போனது. நேர்மையாகச் சொன்னால், உலகை உலுக்கியது மேக்ஸ் ஸ்டால் என்ற ஒளிப்பதிவாளர் கல்லறைகளுக்கு நடுவில் எடுத்த வீடியோ. வானொலியால் அந்த வேலையைத் தனியாகச் செய்திருக்க முடியாது. ஆனால் படம் ஓய்ந்த பிறகும் ஆண்டுக்கணக்கில் திமோரைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தது வானொலிதான். அடுத்த ஆண்டு அமெரிக்க நாடாளுமன்றம் இந்தோனேசியப் படைக்கான பயிற்சி உதவியை வெட்டியது. 1999 ஆகஸ்ட் 30 வாக்கெடுப்பில் திமோர் மக்களில் 78.5 சதவீதம் பேர் விடுதலைப் பக்கம் நின்றார்கள்.

2003 இராக் போரில் இதற்கு நேர் எதிரான முறை பெரிதாக வந்தது: செய்தியாளரைப் படைப்பிரிவோடு சேர்த்து அனுப்புவது. சுமார் 600 பேர் அப்படிப் போனார்கள். டாங்கியின் உள்ளிருந்து பார்ப்பவருக்கு டாங்கியில் இருப்பவரின் பயம் தெரியும், அதன் குழல் திரும்பிய திசையில் இருந்தவரின் பயம் தெரியாது. படையோடு சேராமல் தனியாக இராக்குக்குப் போன தாஹ்ர் ஜமாய்ல் போன்றவர்கள் 2004இல் ஃபலூஜாவின் மருத்துவமனைகளிலிருந்து சொன்ன செய்திகளும், படையோடு போனவர்கள் சொன்னவையும் இரண்டு வேறு ஊர்களைப் பற்றியவை போல இருந்தன.

சொற்களின் அரசியல்

வானொலியில் படம் இல்லை, ஆகவே சொல்தான் எல்லாம். ‘குண்டுவீச்சில் 12 பேர் பலி’ என்று நாம் சர்வசாதாரணமாக வாசிக்கிறோம். பலி என்றால் தெய்வத்துக்குக் கொடுப்பது. யார், எந்தத் தெய்வத்துக்குக் கொடுத்தார்கள்? ‘உயிரிழந்தனர்’ என்றால் கவனக் குறைவால் எதையோ தொலைத்த மாதிரி இருக்கிறது. ‘கொல்லப்பட்டனர்’ என்பதில் கொலை வருகிறது, கொன்றவர் வரவில்லை. ‘இன்ன நாட்டு விமானப்படை வீசிய குண்டு 12 பேரைக் கொன்றது’ என்று சொல்லத் தெம்பு வேண்டும், ஆதாரமும் வேண்டும். ஆதாரம் இல்லாதபோது அப்படிச் சொல்வதும் தவறு. ஒரு நிலையத்தின் தரத்தை அளக்க எனக்குத் தெரிந்த எளிய சோதனை: அது ஒரு தரப்பின் கொலைகளுக்கு எழுவாயோடும், மறுதரப்பின் கொலைகளுக்கு எழுவாய் இல்லாமலும் செய்தி வாசிக்கிறதா என்று ஒரு வாரம் கவனித்தால் போதும்.

‘ஆக்கிரமிப்பு’ என்ற சொல்லும் நம்மிடம் படாதபாடு படுகிறது. நடைபாதையில் கடை போட்டாலும் ஆக்கிரமிப்பு, ஒரு நாடு இன்னொன்றின் மீது படையெடுத்தாலும் ஆக்கிரமிப்பு. சட்டத்தில் இதற்குத் தனிப் பொருள் உண்டு. 1907 ஹேக் விதிகளின் 42ஆம் பிரிவுப்படி, ஒரு பகுதி நடைமுறையில் எதிரிப் படையின் அதிகாரத்தின் கீழ் வந்துவிட்டால் அது ஆக்கிரமிக்கப்பட்ட பகுதி. அப்படி ஆனதும் அங்குள்ள மக்களைப் பாதுகாக்கும் கடமை அந்தப் படையின் தலையில் விழுகிறது. அதனால்தான் பல அரசுகள் இந்தச் சொல்லைக் கேட்டாலே துள்ளிக் குதிக்கின்றன. ‘சர்ச்சைக்குரிய பகுதி’ என்று சொல்லும்படி செய்தி அறைகளை நெருக்குவதும் இதற்காகத்தான்.

சுடுவதும் சட்டமும்

1977இல் வந்த ஜெனீவா ஒப்பந்தத்தின் முதல் கூடுதல் நெறிமுறை, 79ஆம் பிரிவில், போர்ப் பகுதியில் வேலை செய்யும் செய்தியாளரைப் பொதுமக்களில் ஒருவராகக் கருத வேண்டும் என்கிறது. நிலையக் கட்டடம் பற்றித்தான் சண்டை. 1999 ஏப்ரல் 23 அன்று நேட்டோ பெல்கிரேடில் செர்பிய அரசுத் தொலைக்காட்சியைத் தாக்கி 16 ஊழியர்களைக் கொன்றது. ‘பிரச்சார இயந்திரம்’ என்பது அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. யுகோஸ்லாவியப் போர்க்குற்றங்களை விசாரித்த பன்னாட்டு நீதிமன்றத்தின் வழக்கறிஞர் அமைத்த குழு விசாரணை வேண்டாம் என்று முடித்தாலும், பிரச்சாரத்துக்காக மட்டும் தாக்குவது சட்டப்படி கேள்விக்குரியது என்று குறிப்பிட்டது. 2002 ஜனவரியில் இஸ்ரேலியப் படை ரமல்லாவில் ‘பாலஸ்தீனத்தின் குரல்’ கட்டடத்தை வெடிவைத்துத் தகர்த்தது. 2007 நவம்பர் 27 அன்று கிளிநொச்சி அருகே புலிகளின் குரல் நிலையத்தின் மீது இலங்கை விமானப்படை குண்டு வீசியபோது ஊழியர்கள் இறந்தார்கள், யுனெஸ்கோ தலைவர் கண்டித்தார். அது இயக்கத்தின் வானொலி, சந்தேகம் இல்லை. ஆனால் பிடிக்காத வானொலியில் வேலை செய்கிறார் என்பதற்காக ஒருவர் போர்வீரர் ஆகிவிட மாட்டார் என்பதுதான் இங்கே சட்டத்தின் நிலை.

இரு பக்கமும் அடி வாங்கியது என்றால் பெல்கிரேடின் பி92. 1989 மே மாதம் இளைஞர் வானொலியாகத் தொடங்கி, யுகோஸ்லாவியப் போர்கள் முழுவதும் செர்பிய ஆட்சித் தலைவர் மிலோஷெவிச்சுக்கு எதிராகப் பேசியது. 1996 டிசம்பரில் ஒலிபரப்பை அரசு நிறுத்தியபோது, நிகழ்ச்சிகளை டச்சு நிறுவனம் ஒன்றின் வழியாக இணையத்தில் விட்டார்கள். இணைய ஒலிபரப்பு இன்னும் தவழ்ந்துகொண்டிருந்த காலம் அது. இரண்டே நாளில் தடை விலகியது. 1999 மார்ச் 24இல் நேட்டோ குண்டுவீச்சு தொடங்கிய நாளில் மறுபடி தடை, தலைமை ஆசிரியர் வெரான் மாட்டிச் கைது. ஏப்ரல் 2இல் நிலையத்தையே அரசு எடுத்துக்கொண்டது. மேலே விமானம், கீழே போலீஸ். வெளிநாட்டு உதவி பெற்ற நிலையம் என்பதால் ‘துரோகி’ பட்டம் வேறு.

வெளிநாட்டுப் பணம் உண்மையிலேயே முள் உள்ள விஷயம். போரில் எல்லாம் இழந்த நேயரிடம் பத்து டாலர் கேட்க முடியாது, யாராவது கொடுத்தாக வேண்டும். சிரியாவின் கஃப்ரன்பெல் ஊரில் ராயத் ஃபாரிஸ் தொடங்கிய ‘ரேடியோ ஃப்ரெஷ்’ பெரும்பாலும் அமெரிக்க உதவியில் நடந்தது. அசாத் அரசும் எதிரி, ஊரைப் பிடித்திருந்த ஆயுதக் குழுவும் எதிரி. பாட்டுப் போடக் கூடாது என்று குழு உத்தரவிட்டது. சரி என்று ஆடு கத்துவதையும் கோழி கூவுவதையும் ஒலிபரப்பினார்கள். பெண் குரல் கூடாது என்றது. கணினியில் பெண் அறிவிப்பாளர்களின் குரலை ஆண் குரல் போல மாற்றினார்கள், பெண்கள் தொடர்ந்து வாசித்தார்கள். தளபதிகளுக்கு இந்தக் கிண்டல் புரியாமலா இருந்திருக்கும்? 2018இல் அமெரிக்க உதவி நின்றது. அந்த ஆண்டு நவம்பர் 23 அன்று ராயத் ஃபாரிசும் உடன் பணியாற்றிய ஹம்மூத் ஜுனைதும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

ஹெய்ட்டியில் ழான் தொமினிக் கதை வேறு மாதிரி. அவருடைய ‘ரேடியோ ஹெய்ட்டி’ அங்கே படித்தவர்களின் பிரெஞ்சு மொழியோடு நிற்காமல், மக்கள் பேசும் கிரியோலில் செய்தியும் அரசியலும் பேசியது. சர்வாதிகார ஆட்சி 1980இல் நிலையத்தை நொறுக்கியது, அவர் நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. 1986இல் திரும்பி வந்து தொடங்கினார். 1991 ராணுவப் புரட்சியில் மறுபடி வெளியேறி, மறுபடி வந்தார். 2000 ஏப்ரல் 3 காலை, செய்தி வாசிக்க வந்தவரை நிலையத்து முற்றத்தில் சுட்டுக் கொன்றார்கள். ஒரு மாதம் கழித்து மே 3ஆம் தேதி அவருடைய மனைவி மிஷேல் மோந்தாஸ் நிலையத்தைத் திரும்பத் திறந்தார். 2002 கிறிஸ்துமஸ் நாளில் அவரைக் கொல்ல வந்தவர்கள் மெய்க்காவலரைக் கொன்றார்கள். ஊழியர்களின் உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்று 2003 பிப்ரவரியில் அவரே நிலையத்தை மூடினார்.

ஒலிநாடாக்கள் மிஞ்சின. அவற்றை அவர் டியூக் பல்கலைக்கழகத்திடம் கொடுத்தார். அங்கே பூசணம் துடைத்து, ஒவ்வொன்றாகக் கேட்டு, கிரியோலிலும் விவரம் எழுதி இணையத்தில் ஏற்றியிருக்கிறார்கள். நிலம் பறிபோன விவசாயி, சிறையிலிருந்து வந்தவர், தன் பிள்ளை எங்கே என்று கேட்கும் தாய் எல்லோரும் அதில் பேசுகிறார்கள். தொமினிக் நடுவில் குறுக்கிட்டு, ‘எப்போது? எங்கே? யார் பார்த்தது?’ என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்.